புதன்கிழமை வரும் பெட்டி

போஸ்மன், மொன்டானா
டிசம்பர் 7, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சி உளறிவிட்டாள். நாலு நாள் முன்னால் என் வீட்டுக்காரியோடு போனில் பேசும்போது, போன வருடம் நான் அனுப்பிய எல்க் கறிப் பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் வாடை அடித்ததையும், நீ மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டதையும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். என்னிடம் நீ சொன்னது என்ன? "சூப்பர்டா, வாயில வச்சா கரையுது." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்க் கறி எந்தக் காலத்தில் வாயில் கரைந்தது? கொழுப்பில்லாத கறி, பல் இருந்தால்தான் ஆகும்.

கோபமில்லை. தப்பு என்னுடையது. தேங்க்ஸ்கிவிங் வாரம் என்று தெரிந்தும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கொடுத்தேன். வியாழன் விடுமுறை, பிறகு சனி ஞாயிறு. கூடவே வைத்தது மருந்துப் பார்சலில் வருமே, அந்த ஜெல் ஐஸ் நாலு பொட்டலம். ஆறு நாள் கழித்து வந்தால் வாடை அடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே இந்த முறை பாடம் படித்துவிட்டு அனுப்புகிறேன். பெட்டி நாளை திங்கள் புறப்பட்டு, இரண்டாம் நாள் விமானத்தில் புதன்கிழமை உன் வாசலுக்கு வரும். இடையில் ஒரு நாள் தாமதமானாலும் வியாழன்தான், வாரக்கடைசியில் மாட்டாது. இங்கிருந்து ஹூஸ்டனுக்குச் சாலை வழியாக 1,600 மைலுக்கு மேல். இங்கே இப்போது வாசலில் வைத்தாலே கறி கல்லாகிவிடும். உங்கள் ஊர் டிசம்பரை நம்ப முடியாது.

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கிடைத்தது. பெண் எல்க். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவுக்குச் சொந்தக்காரிதான், உடம்பு இன்னும் பெருசு. விழுந்த இடத்திலிருந்து வண்டிக்கு இரண்டு மைல், அதில் பாதி மேடு. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தார். இருந்தாலும் நாலு நடை ஆயிற்று. ஒரு பின்தொடை எலும்போடு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், உனக்குத்தான் தெரியுமே. கடைசி நடைக்குத் திரும்பிப் போகும்போது இருட்டிவிட்டது. கரடி விரட்டும் ஸ்ப்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு, உனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். நீ இங்கேயே இருந்திருந்தால் மூன்று நடையில் முடிந்திருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது உன் பங்கு, அன்பளிப்பு இல்லை.

கழுத்து நிணநீர் முடிச்சைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். மான் இனத்துக்கு வருகிற, உடம்பை உருக்கும் நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்ணில் பட்டது; எங்கள் மாநிலக் காட்டில் 2017இல் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் அதன் கிருமி, கிருமி என்றுகூடச் சொல்ல முடியாது, கோணிப்போன ஒரு புரதம், சமைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. நோய் உள்ளதைச் சாப்பிடாதே என்கிறார்கள். உன் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. அதனால் முடிவு வரும்வரை ஒரு பொட்டலத்தையும் நகர்த்தவில்லை. நோய் இல்லை என்று வந்துவிட்டது. முதுகெலும்பையும் தலையையும் மொன்டானாவிலேயே விட்டாயிற்று; உனக்கு வருவது எலும்பில்லாத கறி மட்டும். மாநில எல்லை தாண்ட அதுதான் தோது.

மூன்று ராத்திரி சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். தசை மேல் வெள்ளிக் காகிதம் ஒட்டினாற்போல ஒரு சவ்வு இருக்கும். அதன் ஒரு முனையைக் கத்தியால் நெம்பி, இடது கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சவ்வுப் பக்கம் சாய்த்து ஓட்டினால் நீளமாக உரிந்து வரும். கொஞ்சம் கீழே சாய்ந்தால் கறி போய்விடும். கொழுப்பை ஒட்ட எடுத்துவிட்டேன். ஆட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை அது, மெழுகுபோல மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு காற்றை உறிஞ்சி மூடுகிற பைகளில் தட்டையாகப் போட்டு உறைய வைத்தாயிற்று. ஒன்பது கிலோ. கொத்துக்கறி, தொடைக்கறி, நீளமான முதுகுக்கறி இரண்டு.

நாளைக் காலை சூப்பர் மார்க்கெட்டில் டிரை ஐஸ் வாங்கிப் போடுவது மட்டும் பாக்கி. ஒரு நாளைக்கு இரண்டேகால் கிலோவிலிருந்து நாலரை கிலோ வரை ஆவியாகிப் போகும், அதனால் ஏழு கிலோ. குளிர்ந்த வாயு கீழேதான் இறங்கும் என்பதால் கறிக்கு மேலே வைக்க வேண்டும். சந்துகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். ஆனால் தெர்மாகோல் மூடியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடக் கூடாது. ஒரு கிலோ டிரை ஐஸ் ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயுவாக ஊதும், அடைத்தால் பெட்டி வெடிக்கும். வெளியே 9ஆம் வகுப்பு லேபிள், யு.என். 1845 என்ற எண், டிரை ஐஸ் எடை. எல்லாவற்றையும் பவுண்டில் அளக்கிற நாட்டில் இதை மட்டும் கிலோவில் எழுதச் சொல்கிறார்கள், நமக்குச் சௌகரியம். உள்ளே ஒரு காகிதத்தில் என் வேட்டை உரிமத்தின் எண், இன்ன விலங்கு, யாருக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கிறேன். தூக்கிப் போடாதே. இங்கே வேட்டைக்கறியை விற்க முடியாது, கொடுக்கத்தான் முடியும். கடையில் விற்கிற மான்கறி பண்ணையில் வளர்ந்தது, நிறைய நியூசிலாந்திலிருந்து வருவது.

லேபிளை எழுதும்போது ஆச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாள். மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து மொட்டை மாடியில் காயப்போட்ட உப்புக்கண்டத்தைத் தூக்குச்சட்டியில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். ஐஸ் இல்லை, லேபிள் இல்லை, எண் இல்லை. ஹாஸ்டலுக்கு ஒரு தடவைகூடக் கெட்டு வந்ததில்லை. கண்டக்டர் நாலு துண்டு எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் கூலி.

பெட்டி வந்ததும் வெளியே வைத்துத் திற. டிரை ஐஸை வெறுங்கையால் தொடாதே. பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி, தோல் வெந்துபோகும். பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கொட்டாதே. பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பின்வாசலில் விட்டால் தானாகப் போய்விடும். கறியை அழுத்திப் பார். கல்லாக இருந்தால் நல்லது. ஓரம் இளகி உள்ளே ஐஸ் நறுக்கென்று இருந்தாலும் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாக இருந்தால் பேசாமல் போட்டுவிடு, ஆனால் போட்டேன் என்று என்னிடம் சொல்.

முதுகுக்கறியைத் தங்கச்சி குழம்பில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். முந்தின நாளே பிரிட்ஜில் வைத்து இளகவிட்டு, விரல் கனத்துக்கு நறுக்கி, உப்பும் மிளகும் தடவிக் காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் காட்டி எடுத்தால் போதும். அதற்கு மேல் விட்டால் செருப்புத்தோல். தொடைக்கறிக்குக் குக்கர்தான், நல்லெண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டும், கொழுப்புக்கு ஈடாக. கொத்துக்கறியை நன்றாக வேகவிடு.

தெர்மாகோல் பெட்டியை உடைக்காதே. உன் வீட்டுக் கொல்லையில் முருங்கை கூரைக்கு மேல் போய்விட்டதாமே, அதையும் தங்கச்சிதான் உளறினாள். காயை நறுக்கி உறைய வைத்து அதே பெட்டியில் அனுப்பு. திங்கட்கிழமை அனுப்பு.

உன்,
மச்சான்