ஓசை சொல்லும் சேதி

நோயாளி தன் வாயால் "இங்கே வலிக்கிறது" என்று சொல்லிவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வாயில்லா இயந்திரங்களோ ஓசையால்தான் தம் நோயைச் சொல்கின்றன. அதைக் கேட்கக் காது வேண்டும். பொருள் காணப் பொறுமை வேண்டும். இவ்விரண்டையும் நாங்கள் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுப் பழைய காரிடம்!

ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு காரில் செல்வது எங்கள் வழக்கம். இம்முறை ஆகஸ்டு மாதத்திலேயே கார் உறுமத் தொடங்கிவிட்டது. நிற்கும்போது மெல்லிய 'புஸ் புஸ்'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ லாரியைப் போன்ற இரைச்சல். "சத்தம்தானே! ஓட்டத்தில் குறையில்லையே. திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அப்பா.

அம்மாவின் மனம் ஒப்பவில்லை. பின் இருக்கையில் அமரும் எங்கள் அப்பாயிக்குக் காரில் கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் தலைவலி வந்தது. வீட்டுத் திண்ணையில் சற்றுக் காற்றாட அமர்ந்தால் தானே நீங்கிவிடும். வயதின் கோளாறு என்றனர் அக்கம்பக்கத்தார். அம்மா மட்டும், "தலைவலியும் இந்தச் சத்தமும் ஒரே நேரத்தில் அல்லவா வந்தன?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காரைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் அண்ணன் உடனே ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விகள்தாம் கேட்டார். "காலையில் சத்தம் அதிகமா, ஓடிச் சூடான பிறகு அதிகமா?" காலையில்தான் அதிகம் என்றோம். பிறகு வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, அப்பாவை ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொன்னார். நின்ற இடத்திலேயே கார் உறுமியது.

"பாத்தீங்களா பாப்பா, வண்டி நகராமலே சத்தம் வருது. அப்போ இது சக்கரத்து நோய் இல்லை" என்றார்.

அன்று அவர் விளக்கியவற்றை நாங்கள் குறித்து வைத்துக்கொண்டோம். வேகம் கூடக்கூட 'ஊம்' என்று வளரும் ஓசை, எஞ்சினை எவ்வளவு மிதித்தாலும் மாறாதிருந்தால், சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தவுடன் 'கிறீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மேட்டில் ஏறும்போது கோலிக்குண்டுகளை டப்பாவில் குலுக்கியது போல் கேட்டால், எஞ்சினுள் பெட்ரோல் ஒழுங்கின்றி எரிகிறது. மிதித்ததும் 'தடக்' என்று இடித்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். எங்கள் காரைப் போல் உறுமினால் புகைக்குழாயில் எங்கோ ஓட்டை!

எஞ்சின் ஆறிய பிறகு காரின் அடியில் விளக்கைப் பிடித்தார். எஞ்சினை ஒட்டிப் புகைக்குழாய் இணையும் இடத்தில் மை தீட்டியது போல் கரி படிந்திருந்தது. உள்ளிருந்த கேஸ்கட் எரிந்து போயிருந்தது. சூடேறினால் உலோகம் விரியும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அந்த விரிவு இடைவெளியைச் சற்று அடைத்ததால்தான் பின்னர் ஓசை குறைந்ததாம். சைலென்சரும் துருவால் அரித்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகி வெளியேறிவிடும். கோயிலுக்கும் கடைக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் அது சைலென்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து தின்றுவிடும்.

பின் இருக்கைக்குக் கீழே, ரப்பர் அடைப்பான் கழன்ற துளை ஒன்றையும் அவர் காட்டினார். அவர் முகம் மாறியது. "கண்ணாடியை ஏத்திவிட்டு வேளாங்கண்ணி வரைக்கும் போயிருந்தீங்கன்னா சார்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அவர் சொல்லாமல் விட்டதை வேதியியல் பாடம் சொல்லும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம் என்று ஓசையின்றி வரும் பகைவன் அது. அப்பாயியின் தலைவலிக்குக் காரணம் விளங்கிற்று. அப்பா வெகுநேரம் பேசவேயில்லை.

அரித்த தகட்டில் வெல்டிங் நிற்காது என்பதால் புதுச் சைலென்சர் பொருத்தினார்கள். கேஸ்கட்டும் போல்ட்டுகளும் மாறின; துளை அடைபட்டது. இரண்டே நாள் வேலை. அப்பாயியின் தலைவலியும் அத்தோடு போயிற்று. வேளாங்கண்ணிப் பயணத்தில் அவர் சொன்ன செபமாலையின் ஒவ்வொரு சொல்லும் முன் இருக்கை வரை தெளிவாகக் கேட்டது.

தோழியரே, உங்கள் வீட்டு வண்டி புதிதாக ஓர் ஓசை எழுப்பினால், ரேடியோவின் ஒலியைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். எப்போது, எங்கே, எதனோடு வருகிறது என்று கேட்டுக் குறித்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள். வண்டிக்குள் தலைவலித்தால் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் மனச்சான்றும் இவ்வாறே முதலில் மெல்ல 'புஸ் புஸ்' என்கிறது; பிறகுதான் உறுமுகிறது. இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது அந்த மெல்லிய ஓசையையே கேட்கும் செவியை இறைவன் நமக்கு அருள்வாராக!