கேக்குது சரி... பேசுமா?

'வி ஈக்வல் டு ஐ ஆர்' ஞாபகம் இருக்கா? ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சு, எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்தோமே, அதே ஓம் விதிதான். நடுக்கடல்ல அது உயிரைக் காப்பாத்தும்னு சொன்னா நம்புவீங்களா?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல, விசைப்படகுகளோட வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டை சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட இன்டர்ன்ஷிப் போனேன். ஒரு படகு டிரைவர், "நேத்துகூட மத்த போட்டுக்காரங்க பேசுனது நல்லா கேட்டுச்சே தம்பி. செட்டுக்கு ஒண்ணுமில்ல"ன்னார். அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "நீங்க பேசுனது அவங்களுக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி?"ன்னார்.

செட்டுக்கு வர்ற பவர் ஒயர்ல மல்டிமீட்டரை வெச்சோம். 12.5 வோல்ட். மைக் பட்டனை அமுக்கினதும் சர்ர்ருன்னு 9.5!

காரணம் சிம்பிள். கேட்கும்போது செட்டுக்கு அரை ஆம்பியர் போதும். 25 வாட்ல பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முனையில பூத்திருந்த வெள்ளைப் பொடி கிட்டத்தட்ட அரை ஓம் தடை. கேட்கும்போது கால் வோல்ட்தான் நஷ்டம். பேசும்போது 3 வோல்ட் அம்பேல்! ஊரே பேசுறது உங்களுக்குக் கேட்கும். படகுல தண்ணி ஏறும்போது சேனல் 16-ல நீங்க கத்துறது யாருக்கும் கேட்காது.

வைத்தியம்? முனையை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, இறுக்கி, வாசலின் தடவினோம். அடுத்து ஆண்டெனா. உப்புத் தண்ணி இறங்கி கேபிள் செம்புல களிம்பு ஏறிட்டா, பவர் கேபிள்லயே கரைஞ்சிடும். கெட்டுப்போன துண்டை வெட்டிட்டு, புது கனெக்டர் போட்டு, தண்ணி புகாம ரப்பர் டேப் சுத்தணும். கடைசியா பக்கத்துப் படகைக் கூப்பிட்டு, "கேக்குதா?"ன்னு ஒரு டெஸ்ட். இதுக்கு சேனல் 16-ஐத் தொடக்கூடாது. அது ஆபத்துல இருக்கறவங்களுக்கு.

'டைட்டானிக்' ஜாக்கைத் தெரியும். ஜாக் பிலிப்ஸைத் தெரியுமா? அந்தக் கப்பலோட நிஜ வயர்லெஸ் ஆபரேட்டர். 1912 ஏப்ரல்ல, பனிப்பாறையில மோதறதுக்கு முன்னாடி செட் ரிப்பேர். அவரும் ஜூனியர் ஹரால்ட் பிரைடும் பல மணி நேரம் போராடி சரி பண்ணாங்க. அந்த செட்லதான் அபாயச் செய்தி போச்சு. கார்பேத்தியா கப்பல் வந்து 700-க்கும் மேற்பட்டவங்களைக் காப்பாத்துச்சு. பிலிப்ஸ் பிழைக்கலை.

அதனால மக்களே, லேப்ல மீட்டர் முள் ஆடுச்சுன்னு கிளம்பிடாதீங்க. லோடு கொடுத்துப் பாருங்க. அப்பதான் உண்மை தெரியும்!