ஒரே பெயரில் எத்தனை தவளை

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பிசான நடவுக்கு நாற்றங்கால் தயாராகிறது. கோடைமேலழகியான் கால்வாயை ஒட்டிய வயல்களில் பொழுது சாய்ந்தால் தவளைக் கச்சேரிதான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் ஊர் நினைப்பு வந்தால் தாமிரபரணியையும் அல்வாவையும் பற்றிக் கேட்பீர்கள். இன்றைக்கு நான் தவளையைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. தொண்ணூறுகளில் என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்த ஒரு பிள்ளை, இப்போது அவளுடைய மகளே கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள். "டீச்சர், நாம படிச்ச ரானா ஹெக்சாடாக்டைலாவ இவ புத்தகத்துல காணோமே. தவளை மாறிட்டா, இல்ல பேர் மாறிட்டா?"

பேர்தான் மாறியது. தெப்பக்குளத்தில் மிதக்குமே, அந்தப் பச்சைத் தவளை, அது பிறகு யூஃப்ளிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ் ஆனது. வடக்கே எல்லோரும் அறுத்துப் படித்த ரானா டைகிரினா இப்போது ஹோப்லோபட்ராகஸ் டைகெரினஸ். 'ரானா' என்றால் லத்தீனில் தவளை, அவ்வளவுதான். ஆரம்ப காலத்தில் உலகத்துத் தவளைகளில் பாதியை அந்த ஒரே வீட்டில் குடிவைத்திருந்தார்கள். பிறகு உறவுமுறை விளங்க விளங்கத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

பெரிய தவளைகளின் கதை இத்தோடு முடிந்துவிடும். சின்னத் தவளைகளின் கதைதான் சுவாரசியம்.

வரப்பில் நடக்கும்போது காலடிக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் தெறித்து ஓடுமே, கட்டைவிரல் நீளத்தில், சேற்று நிறத்தில், சிலதுக்கு முதுகில் வெளிறிய கோடு போட்டிருக்குமே, அந்த வயல் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1829-ல் கிராவன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஜாவாத் தீவிலிருந்து வந்த ஒரு தவளையை விவரித்து 'ரானா லிம்னோகேரிஸ்' என்ற பெயரை அச்சேற்றினார். கிரேக்கத்தில் 'லிம்னே' என்றால் சதுப்பு, 'கேரிஸ்' என்றால் எழில். சதுப்பின் எழில்! சேற்றில் கிடக்கிற ஒரு பூச்சித்தின்னிக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள். அழகாக இருந்ததாலோ என்னவோ, அதற்குப் பின் இந்தியாவிலிருந்து ஜப்பான் வரைக்கும் நெல் வயலில் குதித்த சின்னத் தவளைக்கெல்லாம் அந்தப் பெயரையே எழுதிவைத்தார்கள். பாபநாசத்து வயல் தவளைக்கும் அதே பெயர்தான்.

இதில் என்ன சங்கடம் என்று என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. நம் ஊரில் உலகம்மை சன்னதியில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கெல்லாம் உலகம்மாள் என்றுதான் பெயர். ஒரு வருடம் என் வகுப்பில் மூன்று உலகம்மாள், இரண்டு இசக்கியம்மாள். முதலெழுத்தைச் சேர்த்துப் படித்தாலும் இரண்டு பேருக்கு அதுவும் ஒன்றே. வருகைப் பதிவேட்டில் வெறுமனே 'உலகம்மாள்' என்று ஒரே வரி எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? ஒருத்தி "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னால் மூன்று பேரும் வந்த கணக்கு. மற்ற இருவரும் பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றுவிட்டாலும் பதிவேடு நிறைந்துதான் இருக்கும். யாரும் தேட மாட்டார்கள்.

சின்னத் தவளைகளுக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நடந்தது இதுதான். 'லிம்னோகேரிஸா? அது ஆசியா முழுக்கக் கிடக்கிறதே, அதற்கென்ன குறை' என்று கணக்கு முடிந்துவிடும். அந்த ஒரே வரிக்குள் எத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று கேட்கவே வழியில்லை.

அப்புறம் எப்படிப் பிரித்தார்கள்? மூன்று வழி. முதலாவது, உடம்பை அளப்பது. தலையின் அகலம், கால் நீளம், விரலிடைச் சவ்வு, தோலின் மேடு பள்ளம், வயிற்றின் இரு ஓரத்திலும் ஓடும் மெல்லிய கோடு, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இரண்டாவது, குரல். நமக்கு ஒன்று போலத் தெரிகிற இரண்டு தவளைகளைப் பெண் தவளை இருட்டிலும் பிரித்து அறியும். தன் இனத்து ஆணின் குரலுக்குத்தான் அது போகும். ஒலிப்பதிவு செய்து, துடிப்பை எண்ணி, வரைபடமாக்கிப் பார்த்தால் வித்தியாசம் நம் கண்ணுக்கும் தெரியும். மூன்றாவது, மரபணு. ஜாவாவின் தவளையோடு மற்ற இடத்துத் தவளைகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம் வயல்காரர் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று தெளிவாகிவிட்டது.

அதன் பின் நடந்த பெயர் மாற்றம் நம் ஊர்ச் சொத்துத் தகராறை விடச் சிக்கலானது. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் ஃபெஜெர்வாரியின் பெயரால் 1915-ல் உண்டான 'ஃபெஜெர்வார்யா' என்ற பேரினத்தில் கொஞ்ச காலம் இருந்தார்கள். 2011-ல் வங்கதேசத்திலிருந்து ஓர் இளம் ஆய்வாளர், தெற்காசியக் கூட்டத்துக்குத் தனிப் பெயர் வேண்டுமென்று, தங்கள் நாட்டு விலங்கியல் பேராசிரியர் ஜாகெர் ஹுசைனின் நினைவாக 'ஜாகெரானா' என்று வைத்தார். ஆனால் 2001-லேயே மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் குட்டித் தவளை ஒன்றுக்காக 'மினர்வாரியா' என்ற பேரினம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. அந்தக் குட்டியும் இதே குடும்பம்தான் என்று மரபணு காட்டியது. விலங்குப் பெயர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரே கூட்டத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்தது நிற்கும். 2018-ல் வந்த விரிவான ஆய்வுக்குப் பின் நம் தவளைகள் மினர்வாரியா ஆகிவிட்டார்கள். ஒரு விரல்நுனித் தவளைக்கு வைத்த பெயர் மொத்தக் குடும்பத்துக்கும் குடும்பப் பெயரானது.

இதே சட்டத்தால் இன்னொரு நல்லதும் நடந்தது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1853-ல் ஒரு தவளைக்கு 'ரானா அக்ரிகோலா' என்று பெயரிட்டிருந்தார். அக்ரிகோலா என்றால் உழவன். லிம்னோகேரிஸ் என்ற பெரிய பெயருக்கு அடியில் அந்த உழவன் ஒன்றரை நூற்றாண்டு புதைந்து கிடந்தான். இப்போது மினர்வாரியா அக்ரிகோலா என்று மறுபடியும் எழுந்து வந்துவிட்டான். 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோனாலி கார்க்கும் எஸ்.டி. பிஜுவும் தென்னிந்திய மினர்வாரியாக்களை எல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். அந்த வேலையிலேயே 'மினர்வாரியா பென்டாலி' என்ற புதிய குட்டி இனமும் வெளிப்பட்டது.

இனி மலைமேல் ஏறுவோம். இதில் திருநெல்வேலிக்குத் தனிப் பெருமை உண்டு. 1882-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பூலஞ்சர், கர்னல் பெட்டோம் இங்கிருந்து சேகரித்து அனுப்பிய மிகச் சிறிய தவளைகளைப் பார்த்து 'நன்னோபட்ராகஸ் பெட்டோமி' என்று பெயர் வைத்தார். நன்னோ என்றால் குள்ளன். அது கிடைத்த இடமாக அவர் எழுதியதில் 'டின்னெவெல்லி' என்ற நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது. பின்னால் அந்தக் குள்ளத் தவளையும் 'நிக்டிபட்ராகஸ்' என்ற இரவுத் தவளைப் பேரினத்தில் சேர்ந்தது. இந்தப் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதற்கு நெருங்கிய சொந்தம் இலங்கையில் இருக்கிறது. எழுபது, எண்பது மில்லியன் வருடப் பழைய வம்சம் என்கிறார்கள். அகத்தியர் பொதிகைக்கு வந்தார் என்கிறோமே, அவர் வரும்போதே இவை பழங்குடி.

2017 பிப்ரவரியில் அதே டெல்லிக் குழு, கேரள வனத்துறை ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஐந்து வருடம் மலை மலையாக அலைந்த பின், ஏழு புதிய இரவுத் தவளைகளை அறிவித்தது. அதில் நான்கு நம் விரல் நகத்தின் அளவு. மற்ற இரவுத் தவளைகள் ஓடையில் வாழும். இந்தக் குட்டிகளோ ஈரச் சருகுக்கு அடியிலும் சதுப்புப் புல்லின் தூரிலும் வாழ்கின்றன. ஏழிலும் சின்னது 12.2 மில்லிமீட்டர். ஐந்து ரூபாய் நாணயத்தில் உட்கார வைத்தால் சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும். அது கிடைத்த இடம் எது தெரியுமா? நம் மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலை தாண்டி இருக்கும் காக்காச்சி. பெயர் நிக்டிபட்ராகஸ் ராபின்மூரி. தொலைந்துபோன தவளைகளைத் தேடும் உலகளாவிய முயற்சியை நடத்திய ராபின் மூர் என்பவரின் பெயர்.

இத்தனை காலம் ஏன் கண்ணில் படவில்லை? அரிதாக இருந்ததால் அல்ல. அவை அங்கே தாராளமாகவே இருக்கின்றன. மூன்று காரணம் சொன்னார்கள். மிகவும் சிறியவை, மறைந்து வாழ்பவை, குரல் பூச்சிக் குரல் போல இருக்கும்.

இந்தச் செய்தியை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, நம் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்த ஒரு பிள்ளையிடம் சொன்னேன். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவள் சிரித்துக்கொண்டே, "எங்க லைனுக்குப் பின்னால புல்லுக்காட்டுல ராவெல்லாம் கிர் கிர்ருனு கத்தும் டீச்சர். நாங்க வண்டுன்னுதான் சொல்வோம். எங்க ஆச்சி மட்டும், 'ஏட்டி, அது தேரைக்குஞ்சு, மிதிச்சிராத'ன்னு சொல்லும்" என்றாள்.

தேரைக்குஞ்சு. குட்டியாக இருப்பதைப் பார்த்தால் வளராத குஞ்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த ஒரு பாட்டி, வண்டு இல்லை, தேரை வகை என்பதுவரை தானாகக் கண்டு சொல்லியிருக்கிறாள். மீதி ஒரு படிதான். கத்துகிறது என்றால் அது குஞ்சு இல்லை, துணை தேடும் வளர்ந்த ஆண். அந்த ஒரு படியில்தான் புதிய இனம் நிற்கிறது.

அந்த ஆச்சி இப்போது இல்லை. லைன் வீடுகளும் காலியாகி வருகின்றன. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. 2028-ல் குத்தகை முடிகிறது. 2024-ல் தோட்ட வேலை நின்று, பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. நான்கு தலைமுறை அந்தச் சதுப்பின் ஓரத்தில் தூங்கிய மக்கள் போகும்போது, எந்தப் புல்லில் எது கத்தும் என்ற அறிவும் அவர்களோடு இறங்கிவிடுகிறது. காடு திரும்ப வளரட்டும், நல்லதுதான். ஆனால் தேயிலை இருந்த சரிவில் காட்டை மீட்கிறவர்கள் நடுவில் இருக்கும் சின்னச் சதுப்பை வெறும் வெற்றிடம் என்று நினைத்து மரம் நட்டுவிடக்கூடாது. அங்கே குடியிருப்பவருக்கு 2017 முதல் பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால் கேட்க முடியும்.

வயல் வைத்திருக்கும் என் கொழுந்தனார் இதைக் கேட்டுவிட்டு, "தவளைக்குப் பேர் வச்சா நெல் கூட விளையுமா மைனி?" என்றார். விளையாது. ஆனால் சாலை போட, அணை கட்ட, மனை பிரிக்க என்று எது வந்தாலும், அந்த இடத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பட்டியலில் 'தவளை' என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை, தவளை எங்கும் இருக்கிறது. 'காக்காச்சித் தவளை' என்று எழுதினால், அது வேறெங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடு. அவருக்கும் ஒன்று சொன்னேன்: "உங்க வயலில் பூச்சியைத் தின்பது ஓர் இனமா, மூன்று இனமா என்று தெரியாது. மருந்தடித்ததில் இரண்டு போய்விட்டாலும் மூன்றாவது கத்திக்கொண்டுதான் இருக்கும். நீங்க குறை ஒன்றும் இல்லை என்று நினைப்பீங்க." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முன்னெல்லாம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட ராத்திரி இரண்டு விதச் சத்தம் கேட்கும், இப்போது ஒன்றுதான் கேட்கிறது என்று அவரே சொன்னார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஊரில் இருக்கிறவர்கள் இந்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரி வரப்பில் நின்று, செல்போனில் ஐந்து நிமிடம் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். இடம், தேதி, நேரம் சொல்லிப் பதியுங்கள். தவளையைப் பிடிக்க வேண்டாம், விளக்கை முகத்தில் அடிக்க வேண்டாம். செருப்பு அவசியம், பாம்பும் அதே கச்சேரிக்குத்தான் வரும். வெளியூரில் இருப்பவர்கள், உங்கள் வீட்டு ஆச்சியும் தாத்தாவும் தவளை, தேரை, நுணல் என்று எதை எதைச் சொன்னார்கள், வேறு பெயர் ஏதாவது வைத்திருந்தார்களா என்று எழுதுங்கள். எஸ்டேட் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டுச் சேர்த்துவைக்கப் போகிறேன்.

பதிவேடு என் கையில் இருந்தவரை ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவேன். பழக்கம் இன்னும் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்,
பாபநாசம்.