பல கருவிகளுக்கு ஒரு தொலையியக்கி

தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே இருந்த காலத்தில் அதனை இருந்த இடத்திலிருந்தே இயக்குங் கருவியும் ஒன்றே இருந்தது. இன்றோ எளிய இல்லங்களின் கூடத்திலும் அவை மூன்றும் நான்குமாகக் கிடக்கின்றன. தொலைக்காட்சிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, உறவினர் எவரேனும் அன்பு மிகுதியாற் கொணர்ந்து செருகிவிட்டுச் சென்ற இணையக் குச்சிக்கு மற்றொன்று. இவற்றுள் எதனை எடுத்து எப்பொத்தானை அழுத்துவதென்பது இளையோர்க்கு ஒரு பொருட்டன்று. முதியோர்க்கோ அஃது ஒரு தேர்வு. ஆண்டுக்கு இருமுறை தேர்வெழுதும் மாணவ நண்பர்க்கு அத்துன்பத்தை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கருவியைக் கற்றோர் 'தொலையியக்கி' என்பர். கடைத்தெருவில் 'ரிமோட்டு' என்பதே வழக்கு. தமிழ் பயிலும் கடப்பாடு கருதி யாம் முன்னைய சொல்லையே கடையில் வழங்கியபோது, கடைக்காரர் எம்மைச் சிறிது இரக்கத்தோடு நோக்கினார். எம் ஆச்சியோ இரண்டையும் விடுத்துக் 'கட்டை' என்றே கூறுவார். பல கருவிகளையும் ஒன்றே இயக்குமாறு அமைந்ததனை 'யூனிவர்சல் ரிமோட்டு' என விற்கின்றனர். உலகம் அனைத்தையும் ஆள்வது போன்ற அப்பெயர் சற்றே மிகையென்பது போகப்போக விளங்கும்.

ஆச்சிக்கு அகவை 81. முப்பது ஆண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். விழித்திரையின் நடுவிடம் தேய்ந்துபோனமையால் நேரே உள்ளது அவர்க்குத் தெரியாது. ஓரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். பெற்றோர் பணிக்கும் யாம் விடுதிக்கும் சென்றுவிடப் பகலெல்லாம் இல்லத்தில் அவர் தனியே இருப்பார். செய்தியும் பழைய பாடல்களுமே அவர்க்குத் துணை. அவர் தொலைக்காட்சியைப் பார்ப்பவரல்லர், கேட்பவர். கை தவறிச் 'சோர்ஸ்' என்னும் பொத்தானில் விரல் பட்டுவிடின், ஒலி அற்றுப்போகும். 'சிக்னல் இல்லை' என்னும் எழுத்துத் திரையில் நிற்கும். அவ்வெழுத்தை அவர் படித்தல் இயலாது. பெட்டி பழுதுற்றதென்றே கருதி, மாலையில் எவரேனும் வருங்காறும் வாளா அமர்ந்திருப்பார். அழைத்தால் அண்டை வீட்டார் ஓடிவருவர். ஆனால் அவர் அழைப்பதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு குரலால் அடக்கியவர், ஒரு பொத்தானுக்காகப் பிறர் கையை எதிர்பார்க்க விரும்பவில்லை போலும். அதனை அவர் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. தொலைபேசியில் யாம் வினவினால், "இன்றைக்குக் கேட்க மனசில்லை, எய்யா" என்பார். ஒரே திங்களில் இவ்விடை நான்காம் முறை வந்தபின்னரே, ஒரு கட்டை வாங்குவதென யாம் துணிந்தோம்.

வாங்குமுன் இக்கருவி எவ்வாறு பேசுகின்றதென அறிதல் வேண்டும். தொடக்கத்தில் இது வேறு மொழிகளிற் பேசிற்று. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி என்பவர், பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணர் கண்களை வைத்து, கைவிளக்குப் போன்றதொன்றால் அவற்றின்மேல் ஒளி பாய்ச்சி இயக்கினார். கதிரவன் ஒளி பட்டாலும் அப்பெட்டி தானே இயங்கத் தலைப்பட்டது. மறு ஆண்டே அந்நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர், சிறு சுத்தியல்களால் அலுமினியக் கம்பிகளைத் தட்டி, மாந்தர் செவிக்கு எட்டாத ஒலியால் இயக்குங் கருவியைக் கொணர்ந்தார். அதற்கு மின்கலமே வேண்டியதில்லை என்பது எமக்கு இன்றும் வியப்பே. பின்னாளில் 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர் இப்பணிக்கு வந்து நிலைபெற்றது.

அக்கதிர் வெறும் ஒளியாகச் செல்வதன்று. முகவரி எழுதிய அஞ்சலாகச் செல்வது. பெருவழக்கினதான என்.இ.சி. முறையில், நொடிக்கு 38,000 முறை துடிக்கும் கதிர் முதலில் 9 மில்லி நொடி ஒளிர்ந்து, 4.5 மில்லி நொடி அடங்கும். அது 'கேட்பீராக' என்னும் அறைகூவல். அதன்பின் 32 குறிகள் வரும். முற்பாதி எக்கருவிக்கு என்னும் முகவரி. பிற்பாதி செய்ய வேண்டிய பணி. இவை ஒவ்வொன்றும் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் சொல்லப்படும். இரண்டும் ஒவ்வாவிடின் கருவி அதனைப் பொருட்படுத்தாது. ஏறத்தாழ 68 மில்லி நொடியில் இத்தனையும் முடிந்துவிடும். சோனி நிறுவனத்தார் முறையும் பிலிப்ஸ் நிறுவனத்தார் முறையும் வேறு. ஆகவே கேபிள் பெட்டியின் கட்டையைத் தொலைக்காட்சியின்முன் எத்துணை அழுத்தினும், அது தனக்கு வந்த அஞ்சலன்றென வாளா இருக்கும்.

இனித் தேர்வு. விற்பனையில் உள்ளவற்றுள் ஒருவகை, பற்பல நிறுவனங்களின் மொழியை முன்னரே உள்ளடக்கி, நான்கிலக்க எண்ணொன்றால் வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் செய்வது. மற்றொரு வகை, பழைய கட்டையின் கதிரைக் கண்டு தானே பயில்வது. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட 'கோர்' இவ்வகையினது. 'படம் பார்க்க' என ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கருவிகளையும் முறைப்படி எழுப்பும் உயர்வகையும் இருந்தது. அவ்வகையிற் பெயர்பெற்ற 'ஹார்மனி'யை ஆக்குவதை லாஜிடெக் நிறுவனம் 2021இல் நிறுத்திவிட்டது. கைப்பேசியையே தொலையியக்கியாக்கும் சிறு பெட்டிகளும் உள. நண்பர் பலரும் எமக்கு இதனையே பரிந்துரைத்தனர். கண்ணுடையார்க்கு அது நன்றே. வழவழப்பான கண்ணாடியில் ஆச்சியின் பெருவிரல் எதனைத் தடவி எதனை அறியும்? விரலுக்குத் தெரியாத பொத்தான் அவர்க்கு இல்லாத பொத்தானே. ஆதலின் விலையும் பெருமையும் குறைந்த ஒன்றையே தெரிந்தோம். பொத்தான்கள் புடைத்தும் இடைவெளிவிட்டும் இருந்தன. எண்ணால் அமைக்கவும் கற்பிக்கவும் இரண்டிற்கும் இடமிருந்தது. மின்கலம் மாற்றினும் கற்றதை மறவாதென உறைமேல் எழுதியிருந்தது. இவ்வியல்பு இல்லாததை எவரும் வாங்கற்க.

நிற்க. மூன்று கட்டைகளின் பொத்தான்கள் அனைத்தையும் ஒன்றினுள் புகுத்துவதே அமைத்தல் எனப் பலர் கருதுகின்றனர். எமக்கு அது உடன்பாடன்று. எண்ணிப் பார்த்தால், ஆச்சி நாள்தோறும் செய்வன நான்கே: ஏற்றுதல், அணைத்தல், ஒலியைக் கூட்டிக் குறைத்தல், அலைவரிசை மாற்றுதல். ஏற்றுதலும் அணைத்தலும் தொலைக்காட்சிக்கு உரியன. ஒலி, ஒலிபெருக்கிக்கு உரியது. அலைவரிசை, கேபிள் பெட்டிக்கு உரியது. எந்தக் கருவி என எண்ணாது, எந்தச் செயல் என அவர் எண்ணினாற் போதுமாறு பொத்தான்களைப் பங்கிட்டோம்.

முதலிற் கேபிள் பெட்டியின் எண்ணை இட்டு அலைவரிசைப் பொத்தான்களையும் எண்பொத்தான்களையும் அமைத்தோம். இவற்றைக் கற்பித்தலால் அமைத்துப் பார்த்தபோது ஓர் இடர் தோன்றிற்று. எம் கேபிள் பெட்டி பிலிப்ஸ் முறையினது. அம்முறையில் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரு குறி மாறிமாறி வரும். அதனைக்கொண்டே, விரல் எடுத்து மீண்டும் அழுத்தியதா, எடாமல் அழுத்திக்கொண்டிருப்பதா என்பதைப் பெட்டி பகுத்துணரும். கற்றுக்கொண்ட கட்டையோ கிளிப்பிள்ளை போல ஒரே குறியையே எப்போதும் சொல்லிற்று. ஆகவே 11 என அழுத்தினால் பெட்டி 1 என்றே கொண்டது. உள்ளடங்கிய எண்ணால் அமைத்தபின் அவ்விடர் நீங்கிற்று.

அதன்பின் தொலைக்காட்சியின் பழைய கட்டையையும் புதியதையும் இரண்டு விரற்கடை இடைவெளியில் முகத்தோடு முகம் வைத்து, ஏற்றும் பொத்தானைக் கற்பித்தோம். ஒலிப்பொத்தான் இரண்டும் ஒலிபெருக்கியின் கட்டையிடமிருந்து பயின்றன. இதனைச் செய்வோர் குழல்விளக்கை அணைத்துவிட்டுச் செய்க. பழைய கட்டைக்குப் புதிய மின்கலம் இடுக. சோர்ந்த ஆசிரியரிடம் மாணாக்கன் சோர்ந்தே பயில்வான். கதிர் வருகின்றதா என ஐயுறின், கைப்பேசியின் முன்புறக் காமிராவால் கட்டையின் நுனியை நோக்குக. கண்ணுக்குத் தோன்றாத ஒளி பெரும்பாலான கைப்பேசிகளில் மங்கிய ஊதாவாகத் தோன்றும்.

பெரிய இடர் ஏற்றும் பொத்தானிலேதான். ஒரே பொத்தான் எழுப்பவும் செய்யும், உறங்கவும் செய்யும். இரண்டு கருவிகளை ஒரே அழுத்தத்தால் எழுப்பும்போது, இடையே ஒருவர் நடந்து சென்று கதிரை மறைத்துவிடின் ஒன்று எழும், மற்றொன்று எழாது. மீண்டும் அழுத்தினால் எழுந்தது உறங்கும், உறங்கியது எழும். கண்ணுடையார் சிறு விளக்குகளைப் பார்த்துத் திருத்திக்கொள்வர். ஆச்சி என் செய்வார்? ஆகவே அப்பொத்தானுக்குத் தொலைக்காட்சி ஒன்றையே உரிமையாக்கினோம். ஒலிபெருக்கி, தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. கம்பியால் பிணைந்திருத்தலின், அது எழத் தானும் எழும். கேபிள் பெட்டி பகல் முழுதும் விழித்தே இருக்கும்; அன்னையார் காலையிற் சுவர்ச் சுவிட்சைப் போட்டு இரவில் அணைப்பார். சிறிது மின்சாரம் வீணாகுமென்று தந்தையார் முணுமுணுத்தது உண்மையே. இறுதியாக, எப்போது ஏற்றினும் கேபிள் பெட்டியின் வாயிலிலேயே திறக்குமாறு தொலைக்காட்சியின் அமைப்பிற் குறித்துவைத்தோம். 'சோர்ஸ்' பொத்தானுக்குப் புதிய கட்டையில் வேலையே இல்லை. எது நேரினும் அணைத்துவிட்டு மீண்டும் ஏற்றுக என்னும் ஒரே விதி ஆச்சிக்குப் போதுமானதாயிற்று.

இணையக் குச்சி மட்டும் எமக்கு வசப்படவில்லை. அது புளூடூத் என்னும் வானலையாற் பேசுவது. அகச்சிவப்புக் கதிரைக் காணும் கண் அதற்கில்லை. ஆகவே அதன் கட்டை தந்தையாரின் மேசை இழுப்பறைக்குச் சென்றது. 'யூனிவர்சல்' என்னும் பெயரைப்பற்றி மேலே யாம் கூறியது இதனாலேயே.

பொத்தான்களை ஆச்சி இரண்டு நாளிற் பயின்றார். ஐந்தாம் எண்ணின்மேல் முன்னரே ஒரு சிறு புள்ளி புடைத்திருந்தது. ஏற்றும் பொத்தானின்மேல் யாம் ஒரு துளிப் பசை இட்டு உலர்த்திப் புடைக்கச் செய்தோம். விடுமுறை முடிந்து விடுதிக்கு மீண்ட மறுவாரம் யாம் தொலைபேசியில் அழைத்தபோது, பின்னே செய்தி உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இரு, எய்யா" என்றார். ஒலி படிப்படியாகத் தாழ்ந்தது. அப்புறமே எம்மோடு பேசலானார். மனமில்லையென்னும் விடை அதன்பின் வரவில்லை.

மாறாக ஒரு வேண்டுகோள் வந்தது. ஆச்சியின் அறையில் புதிதாக மாட்டிய மின்விசிறிக்கும் ஒரு கட்டை உண்டு. அதையும் இதனுள் சேர்த்தல் கூடுமா என்று கேட்டார். அதுவும் அகச்சிவப்பிற் பேசுவதே. பொங்கல் விடுமுறையில் அடிவரிசையின் நான்கு நிறப்பொத்தான்களுள் இடக்கோடியில் உள்ளதற்கு வேகங் கூட்டவும், அடுத்ததற்குக் குறைக்கவும் கற்பித்தோம். கட்டையைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்தல் வேண்டும், அவ்வளவே. எஞ்சிய இரண்டு பொத்தான்களுக்கு என்ன வேலை தரலாமென ஆச்சி இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்.