களம் இழந்தவரின் வணக்கம்

வெற்றியைப் பாடுவது எளிது. வென்றவனுக்கு மாலை உண்டு, மேளம் உண்டு, பதிவேட்டில் முதல் வரியும் உண்டு. தோற்றவனின் பெயரோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பாக ஒடுங்கிவிடுகிறது. ஓரக் குறிப்புகளைத் தேடிப் படிப்பதில் நமக்கு நெடுநாளாகவே ஒரு நாட்டம் உண்டு. அந்த நாட்டம் அண்மைக் காலத்தில் நம்மை எதிர்பாராத ஒரு துறைக்கு அழைத்துச் சென்றது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் நாட்டில் நடந்த தொழில்முறை மற்போர்களின் பழைய பதிவுகளை மாலை வேளைகளில் அமர்ந்து பார்த்து வருகிறோம். அவற்றுள்ளும், பலர் பார்த்துப் புகழ்ந்தவற்றை விடுத்து, கேட்பாரற்றுக் கிடப்பவற்றையே தேடிப் பார்க்கிறோம்.

"மற்போரா? யார் வெல்வது என்பதை முன்னரே பேசி முடித்துக்கொண்டு ஆடும் ஆட்டமாயிற்றே" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல் ஒன்று தலைக்கு மேல் தூக்கப்பட்டு மேடையில் விழும்போது, அந்த வீழ்ச்சியில் பொய் இல்லை. முதுகும் தோளும் கழுத்தும் அதன் விலையைக் கொடுத்தே தீரவேண்டும். ஜூடோ பயில வரும் சிறுவனுக்கு ஜப்பானியர் முதன்முதலில் கற்பிப்பது எறியும் வித்தையை அன்று, விழும் வித்தையை. 'உக்கெமி' என்பது அதன் பெயர். ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருள் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. தாக்குபவனின் திறமை வெளிப்பட வேண்டுமானால், தாக்குதலை முழுமையாக ஏற்றுக்கொள்ள ஒருவன் எதிரில் நிற்க வேண்டும். பழைய மற்போர்களைப் பார்க்கப் பார்க்க, நம் கண் எறிபவனை விட்டு விழுபவனிடமே சென்று நிலைக்கிறது.

இத்துறையின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், தோக்கியோவின் குராமே கொக்குகிக்கான் அரங்கில் ரிக்கிடோசான் என்பவரும் ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவும் சேர்ந்து, அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து நின்றார்கள். ஜப்பானில் தொலைக்காட்சி பிறந்து ஓராண்டே ஆகியிருந்தது. தெரு முனைகளில் வைக்கப்பட்டிருந்த பெட்டிகளின் முன் மக்கள் திரள்திரளாக நின்று அந்தக் காட்சியைக் கண்டார்கள். போரில் தோற்றுத் துவண்டிருந்த ஒரு நாடு, உருவத்தில் பெரிய வெள்ளையரைத் தம்மவர் ஒருவர் அடித்து வீழ்த்துவதைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த நாயகர் கொரிய மண்ணில் பிறந்தவர் என்பது அன்றைய மக்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது. கிங் காங், தாரா சிங் என்னும் மல்லர்களின் பெயர்கள் நம் முதியோருக்கு நினைவிருக்கலாம். அந்தக் கிங் காங்கை 1955 நவம்பரில் வென்று ஆசியப் பட்டத்தைச் சூடியவரும் இதே ரிக்கிடோசான்தான்.

1963 டிசம்பரில் இரவு விடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு அவர் இறந்தார். அவருடைய சீடர்கள் இருவர், ஜயண்ட் பாபாவும் அந்தோனியோ இனோக்கியும், 1960 செப்டம்பர் 30ஆம் நாள், ஒரே நாளில் களம் புகுந்தவர்கள். 1972இல் ஆளுக்கொரு நிறுவனம் கண்டு ஜப்பானிய மற்போர் உலகை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்று எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் இந்த இருவரின் வரலாறே. ஆயினும் அன்று மூன்றாவதாகவும் ஒரு நிறுவனம் இருந்தது. இசாவோ யோஷிஹாரா என்பவர் 1966இல் தொடங்கிய அதனை மக்கள் 'கொக்குசாய்' என்று அழைத்தார்கள். சர்வதேசம் என்பது அதன் பொருள். நாம் தேடிப் பார்ப்பவற்றுள் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வீட்டின் போட்டிகளே.

வறியவன் வீட்டில் சில வேளைகளில் புதுமை முதலில் பிறக்கும். அயலவன் கொடியவன், நம்மவன் நல்லவன் என்று ரிக்கிடோசான் காலத்தில் வகுக்கப்பட்ட கதையைக் கொக்குசாய் 1968இல் மாற்றி எழுதியது. இங்கிலாந்தின் நிலக்கரி நகரமாகிய விகனில், பில்லி ரைலியின் கூடத்தில் பயின்ற பில்லி ராபின்சன் என்னும் ஆங்கிலேயரைத் தன் தலைமை வீரராக அது ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய மக்கள் ஒரு வெள்ளையரைத் தம் வீரராகவே கொண்டாடினார்கள். பின்னாளில் உலகமே வியந்த ஆந்த்ரே என்னும் பிரெஞ்சு நாட்டுப் பேருருவரை 1970இல் முதன்முதலாக ஜப்பானுக்கு அழைத்து வந்ததும் கொக்குசாய்தான். ஆனால் இவ்விருவரின் புகழையும் பின்னர் அறுவடை செய்தவர்கள் பெரிய வீட்டார். 1975 டிசம்பர் 11ஆம் நாள் ராபின்சன் இனோக்கியோடு பொருத அறுபது நிமிடப் போட்டி, அவ்வாண்டின் சிறந்த போட்டியாகப் போற்றப்பட்டது. முதல் வீழ்ச்சியைக் காணவே நாற்பது நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டிய போட்டி அது. முதல் வீழ்ச்சி ராபின்சனுக்கு, இரண்டாவது இனோக்கிக்கு. பின் மணி அடித்துவிடுகிறது. விரைவுக்குப் பழகிய இன்றைய கண்ணுக்கு அது சோதனையாக இருக்கலாம். பொறுமையோடு அமர்ந்தவருக்கு, ஒரு விரற்பிடிக்குள்ளேயே இருவர் நடத்தும் உரையாடல் கேட்கத் தொடங்கும்.

கொக்குசாயின் சொந்தப் பிள்ளை என்று சொல்லத்தக்கவர் ரஷர் கிமுரா. 1941இல் வட ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பிறந்தவர். முதலில் சுமோ வீரராக இருந்தவர். 1970 அக்டோபர் 8ஆம் நாள், ஒசாகா நகரில், ஜப்பானில் முதன்முறையாகக் கம்பி வலைக் கூண்டுக்குள் நடந்த மற்போரில் பொருதவர் அவரே. 'கம்பி வலை அசுரன்' என்ற பட்டமும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. குருதி சிந்தும் அத்தகைய போட்டிகளை நாம் விரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் அப்பட்டத்தைச் சுமந்த மனிதரின் முகத்தைப் பதிவுகளில் உற்றுப் பார்க்கும்போது, அதில் வெறியைக் காணோம். வேலைக்குப் புறப்படும் ஒரு குடும்பத் தலைவனின் கனத்த நிதானமே தெரிகிறது.

1974இல் கொக்குசாய் இரண்டு அடிகளைத் தாங்கியது. தலைமை வீரராயிருந்த ஸ்ட்ராங் கொபயாஷி விலகிச் சென்று இனோக்கியின் மேடையில் பொருதார். டி.பி.எஸ். தொலைக்காட்சியும் தன் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. சிறியதொரு நிலையம் பின்னர் கைகொடுத்தது. சாய்ந்துவரும் வீட்டின் நடுத்தூணாக நின்றவர் கிமுரா. 1976 மார்ச் 28ஆம் நாள், மியூனிக் ஒலிம்பிக்கில் மற்போரிட்டவரும் பாபாவின் இளம் வாரிசுமான ஜம்போ ஸுருத்தாவை அவர் எதிர்கொண்டார். இளமையும் உயரமும் ஒரு பக்கம். உழைத்து உரமேறிய உடல் மறுபக்கம். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தோக்கியோவின் விளையாட்டு நாளிதழ் ஒன்று அவ்வாண்டின் சிறந்த போட்டி என்ற விருதினை அதற்கு வழங்கியது. இன்று ஸுருத்தாவின் சாதனைப் பட்டியலில் அது ஒரு தொடக்கப்படி மட்டுமே. அந்தப் படி எந்தக் கல்லில் செதுக்கப்பட்டது என்று கேட்பவர் குறைவு.

1981 மார்ச்சில் எஞ்சியிருந்த ஒளிபரப்பும் நின்றது. ஆகஸ்ட் 9ஆம் நாள், ஹொக்கைடோவின் கிழக்கு விளிம்பிலுள்ள ரவுசு என்னும் மீனவர் ஊரில் கொக்குசாய் தன் கடைசிப் போட்டிகளை நடத்தி மடிந்தது. வீரர்கள் சிதறினார்கள். சிலர் பாபாவிடம் சென்றார்கள். கிமுராவும் அனிமல் ஹமாகுச்சியும் இசாமு தெரானிஷியும் இனோக்கியின் நிறுவனத்தில் எதிரணியாக நுழைந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்த ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. 1981 செப்டம்பர் 23ஆம் நாள் மாலை, தோக்கியோவின் டெனென் கொலீசியம் என்னும் திறந்தவெளி அரங்கம். அன்று ஆந்த்ரேயும் ஸ்டான் ஹான்சனும் மோதிய போட்டி, இன்றளவும் வியந்து பேசப்படுகிறது. அதே மேடையில் அதே மாலையில் கிமுராவும் ஹமாகுச்சியும் ஏறினார்கள், இனோக்கிக்குச் சவால் விடுப்பதற்காக. ஒலிவாங்கி கிமுராவின் கையில் தரப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஓர் உறுமலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அவரோ தாழ்ந்த குரலில், "கொன்பன்வா" என்றார். மாலை வணக்கம் என்பது அதன் பொருள். அரங்கம் சிரித்தது. நகைச்சுவைக் கலைஞர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பல நாள் பிழைத்தார்கள்.

நிறுவனம் மூடப்பட்டு ஏழு வாரங்கள் கூட முழுதாக ஆகவில்லை. அயலார் வீட்டு வாசலில், அயலாரின் கூட்டத்திற்கு முன்னால் நிற்கிறார். தாம் அசுரன் என்று பெயர் பெற்றவர். அந்த நிலையிலும், பிறர் வீட்டிற்குள் நுழையும்போது வணக்கம் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அவருக்குள் மறையவில்லை. அதையே உலகம் நகைப்புக்குரியதாக்கியது.

இதை எழுதுகையில் நம் தந்தையாரின் நினைவு வருகிறது. சிறிய அச்சகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துக் கோக்கும் பணி செய்தவர் அவர். அச்சகம் மூடப்பட்டது. அதே தெருவின் எதிர்ப்புறத்தில் இருந்த பெரிய அச்சகத்தில், அதுவரை போட்டிக்காரர் எனக் கருதப்பட்டவர்களிடம், வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் காலையில், தாள் சுமக்கும் சிறுவன் வரையில் ஒவ்வொருவரிடமும் சென்று கைகூப்பி வணக்கம் சொன்னாராம். இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். வீட்டில் அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவருடைய அடக்கத்தன்று, அப்படிச் சிரித்தவர்களுள் ஒருவரே நம்மிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

கிமுரா இனோக்கியை 1981 அக்டோபர் 8ஆம் நாள் சந்தித்தார். முதல் கூண்டுப் போட்டி நடந்து பதினோராண்டுகள் நிறைந்த அதே நாள். இனோக்கி விதி மீறியதால் வெற்றி கிமுராவுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அரங்கத்தின் அன்பு வழங்கப்படவில்லை. 1982 நவம்பரிலும் 1983 பிப்ரவரியிலும் இனோக்கி ஒருவரை மூவராக எதிர்க்கும் போட்டிகளில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஒருவனை மூவர் தாக்கினால் மூவரும் கோழைகள் என்றே பார்ப்பவர் கருதுவர். அந்த இழிவையும் தொழிலின் ஒரு பகுதியாக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஹமாகுச்சி பின்னாளில் அசாகுசாவில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி இளையோரைப் பயிற்றுவித்தார். அவருடைய மகள் கியோக்கோ 2004இலும் 2008இலும் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கங்கள் பெற்றார்.

கிமுரா பின்னர் பாபாவின் நிறுவனத்தில் சேர்ந்தார். வயது ஏறியது, வேகம் குறைந்தது. அங்கே போட்டி முடிந்ததும் ஒலிவாங்கியை எடுத்துப் பேசுவது அவர் வழக்கமாயிற்று. பாபாவை "அண்ணா" என்றழைத்து, வேடிக்கையாகவும் பரிவாகவும் ஏதேனும் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே மக்கள் இருக்கையை விட்டு எழாமல் காத்திருந்தார்கள். மீண்டும் சிரிப்பு, ஆனால் இம்முறை அன்பு கலந்த சிரிப்பு. ஒரு காலத்தில் எள்ளப்பட்ட அதே தாழ்ந்த குரல், அதே தயக்கம், அதே பணிவு. மனிதர் மாறவில்லை, அவரைக் கேட்கும் செவிகள் மாறியிருந்தன. 2004இல் அவர் ஓய்வு பெற்றார். 2010 மே 24ஆம் நாள், 68ஆம் வயதில் மறைந்தார்.

கவனிக்கப்படாத போட்டிகளை மீண்டும் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? பழைய முடிவு எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் பார்ப்பவரிடம் ஒரு மாற்றம் நேர்கிறது. பெரிய வெற்றி ஒன்று கண்ணைப் பறிக்காத இடத்தில், அடியைத் தாங்குபவரின் உழைப்பு தெளிவாகப் புலப்படுகிறது. அதைக் கண்டு பழகிய கண், தன் தெருவிலும் தன் வீட்டிலும் அத்தகையோரை அடையாளம் காணத் தொடங்குகிறது. சிரிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறது.

டெனென் கொலீசியத்தின் அந்த மாலைப் பதிவை ஒருமுறை கேட்டால் சிரிப்பொலிதான் காதில் நிற்கும். மறுமுறை கேட்டால், அந்தச் சிரிப்புக்குப் பின்னும் கிமுரா நிறுத்தவில்லை என்பது தெரியும். சொல்ல வந்ததை, அதே தாழ்ந்த குரலில், தொடர்ந்து சொல்கிறார்.