பூவுக்குப் பின்னால் வந்த பந்து

பாசடீனா, கலிஃபோர்னியா



ரோஸ் பவுல் என்ற பெயர் இங்கே ஓர் ஆட்டத்துக்கும் உண்டு, ஒரு மைதானத்துக்கும் உண்டு. புத்தாண்டு நாளில் இரண்டு அமெரிக்கக் கல்லூரி அணிகள் மோதும் ஆட்டம் ரோஸ் பவுல். அது நடக்கும் கிண்ணம் போன்ற மைதானமும் ரோஸ் பவுல். கால்பந்து என்று பெயரே தவிர, இந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடுவதே குறி. ஆட்டத்தைவிட மைதானம் இளையது. இரண்டுக்கும் மூத்தது பூ.

1890 ஜனவரி 1 அன்று பாசடீனாவின் வேலி ஹண்ட் கிளப் ஒரு மலர் விழா நடத்தியது. சங்கத்தார் பலரும் நாட்டின் கிழக்கிலிருந்தும் நடு மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஊரில் விட்டுவந்த உறவினர் பனியில் விறைத்துக்கொண்டிருக்கும் மாதத்தில் இங்கே ரோஜா பூக்கிறது, ஆரஞ்சு பழுக்கிறது என்று ஊரறியச் சொல்வதுதான் நோக்கம். குதிரை வண்டிகளைப் பூவால் அலங்கரித்து ஊர்வலம் விட்டார்கள். பிற்பகலில் ஓட்டப்பந்தயமும் கயிறு இழுத்தலும் நடந்தன. வீட்டுமனை விற்பவரின் விளம்பரம் போலத் தோன்றினால் அதில் பெரிய தவறில்லை.

ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று எவரும் காசில்லாமல் பார்க்கலாம். செலவை ஈடுகட்ட நுழைவுச்சீட்டு விற்கும்படியான ஒன்று தேவைப்பட்டது. 1902-ல் விழாக்குழு கால்பந்தை அழைத்துவந்தது. கிழக்கிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம், உள்ளூர்ப் பக்கத்துக்கு ஸ்டான்ஃபோர்டு. மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், 1900-ல் ஸ்டான்ஃபோர்டுக்கே பயிற்சி தந்தவர். பழைய முதலாளி வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. 49-0 என்றிருந்தபோது, இன்னும் 8 நிமிடம் பாக்கி இருக்கையிலேயே, ஸ்டான்ஃபோர்டு போதும் என்று ஒதுங்கிக்கொண்டது.

இவ்வளவு ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்கு யார் மறுபடி காசு கொடுப்பார்கள்? விழாக்குழு கால்பந்தைக் கைவிட்டு, ‘பென்-ஹர்’ நாவலின் பாணியில் ரோமானிய ரதப் பந்தயம் நடத்தத் தொடங்கியது. 1913-ல் தீக்கோழிப் பந்தயம்கூட நடந்தது. யானையையும் ஒட்டகத்தையும் போட்டிக்கு விட்டதும் உண்டு. இன்று பலர் ‘போட்டிகளுக்கெல்லாம் தாத்தா’ என்று பெருமையுடன் அழைக்கும் ஆட்டம், பதினான்கு ஆண்டுகள் தீக்கோழிக்கும் ரதத்துக்கும் இடம்விட்டு வெளியே நின்றிருக்கிறது.

1916-ல் கால்பந்து திரும்பி வந்தது. மழையில் நனைந்த களத்தில் வாஷிங்டன் ஸ்டேட், பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என வென்றது. பிரவுன் அணியில் ஆடிய ஃபிரிட்ஸ் பொலார்டுதான் இந்த ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரர். அந்த ஆண்டு முதல் ஆட்டம் ஒருமுறையும் நிற்கவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே ஊர்ப் பிடாரியான ஊர்வலம் லேசில் நகரவில்லை. அது பிறகு.

கூட்டம் பெருகியதும் பழைய திடல் போதவில்லை. அரோயோ செகோ என்றால் ஸ்பானிய மொழியில் வறண்ட ஓடை. அந்தப் பள்ளத்தாக்கில் கட்டடக் கலைஞர் மைரன் ஹண்டின் வரைபடப்படி 1922-ல் மைதானம் எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் கிண்ண வடிவ மைதானமே முன்மாதிரி. முதலில் தெற்குப் பக்கம் திறந்த குதிரை லாட வடிவம். 1928-ல்தான் அதை மூடி முழுக் கிண்ணமாக்கினார்கள். 1923-ல் இங்கே நடந்த முதல் புத்தாண்டு ஆட்டத்துக்கே பென் ஸ்டேட் அணி போக்குவரத்து நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தது. ஆட்டம் நிலவொளியில் முடிந்தது. மற்ற ஊர்களும் பார்த்துக்கொண்டிருந்தன. மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரை, டாலஸில் பருத்தி என்று தத்தம் மண்ணின் விளைச்சலைப் பெயராக வைத்து 1930-களில் ஆளுக்கொரு ‘பவுல்’ தொடங்கினார்கள்.

எத்தனையோ வெற்றிகளை மறந்துவிட்ட இந்த ஆட்டம் ஒரு தவறை மட்டும் மறக்கவில்லை. 1929-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் ஆடின. எதிரணி நழுவவிட்ட பந்தைக் கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் பாய்ந்து எடுத்தார். ஒரு முட்டலில் உடல் சுழன்றது, திசை மாறியது. அவர் தம் சொந்த எல்லைக்கோட்டை நோக்கி 60 கஜத்துக்கும் மேல் ஓடினார். சக வீரர் பென்னி லாம் கத்திக்கொண்டே துரத்தி, கோட்டுக்கு மிக அருகில் பிடித்து நிறுத்தினார். அதற்குள் எதிரணியும் வந்து விழுந்தது. அடுத்து கலிஃபோர்னியா உதைத்த பந்து தடுக்கப்பட்டு, ஜார்ஜியா டெக்குக்கு 2 புள்ளி கிடைத்தது. கடைசியில் ஜார்ஜியா டெக் 8-7 என வென்றது. இடைவேளையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரீகல்ஸைப் பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் மீண்டும் களத்துக்கு அனுப்பினார். இரண்டாம் பாதியில் அவர் நன்றாகவே ஆடினார், அடுத்த பருவத்தில் அணித் தலைவராகவும் இருந்தார். பெயரோடு ஒட்டியது என்னவோ அந்தத் தவறான திசைதான்.

ஆட்டம் ஊரைவிட்டுப் போனது இரண்டே முறை. 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்டதும், மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடத் தடை வந்தது. அழைக்கப்பட்டிருந்த டியூக் பல்கலைக்கழகம் வட கரோலைனாவில் தன் மைதானத்தையே தந்தது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பலகை இருக்கைகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். விருந்தாளியாக வந்த ஆரிகன் ஸ்டேட் 20-16 என வென்று போனது. இரண்டாவது 2021-ல், கொரோனாக் கட்டுப்பாடுகளால்; ஆட்டம் டெக்சஸின் ஆர்லிங்டனுக்குப் போனது.

போர் முடிந்தபின் ஓர் ஒப்பந்தம் உருவானது. 1947 முதல் பசிபிக் கரை அணிகளின் கூட்டமைப்பிலிருந்து ஒன்று, நடு மாநிலங்களின் பிக் டென் கூட்டமைப்பிலிருந்து ஒன்று என்று இருவரே ஆடுவார்கள். இந்த ஏற்பாடுதான் அரை நூற்றாண்டுக்கு ஆட்டத்தின் முதுகெலும்பு. 1973-ல் 1,06,869 பேர் கூடினார்கள். இந்த ஆட்டத்துக்கு அதுவே உச்சம்.

1961-ல் வென்றது வாஷிங்டன் பல்கலைக்கழகம், பேசப்பட்டது கால்டெக். விளையாட்டில் பெயர் வாங்காத இந்தத் தொழில்நுட்பக் கல்லூரி இதே பாசடீனாவில் இருக்கிறது. இடைவேளையில் வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் படங்கள் காட்டுவது வழக்கம். கால்டெக் மாணவர் ஒருவர் பள்ளிப் பத்திரிகை நிருபர் வேடத்தில் போய் அந்த வித்தையைக் கேட்டறிந்தார். பிறகு அவர்களுடைய குறிப்புத் தாள்களைக் களவாக எடுத்து, 2,232 தாள்களை மாற்றி எழுதி, வாஷிங்டன் குழு டிஸ்னிலேண்ட் போயிருந்த நேரத்தில் திருப்பி வைத்துவிட்டார்கள். நாடெங்கும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, வாஷிங்டன் அணியின் சின்னமான ஹஸ்கி நாய் தோன்றவேண்டிய இடத்தில் கால்டெக்கின் பீவர் விலங்கு தோன்றியது. அடுத்து அணியின் பெயர் பின்னிருந்து முன்னாக வந்தது. அதற்கடுத்து ‘கால்டெக்’ என்ற பெரிய எழுத்துகள். இசைக்குழு ஒரு கணம் நின்றது, பிறகு மைதானமே சிரித்தது. அன்றைய ஸ்கோர் 17-7 என்பது இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

இனி, முன்பு சொன்ன ஊர்ப் பிடாரியான ஊர்வலத்தின் விஷயம். ஜனவரி 1 ஞாயிறாக இருந்தால் ஊர்வலமும் ஆட்டமும் திங்களுக்குத் தள்ளிப்போகும். 1893-ல் போட்ட விதி இது: தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலச் சத்தத்தில் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக. இன்று எந்தத் தேவாலய வாசலிலும் குதிரை இல்லை. ஆனாலும் 2023-ல் ஆட்டம் ஜனவரி 2 அன்றுதான் நடந்தது.

நாள் பெரும்பாலும் இப்படிப் பிடிவாதமாக நிற்க, எதிராளிகள் மாறிவிட்டார்கள். தேசிய வாகையர் பட்டத்துக்கான ஏற்பாடுகள் 1990-களின் இறுதியிலிருந்து பழைய ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தன. 2006-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் யங் 19 வினாடி மிச்சமிருக்கையில் ஓடி 41-38 என ஆட்டத்தைத் திருப்பியது இப்படிப்பட்ட பட்டப் போட்டியில்தான். 2024-ல் ஆரிகன், வாஷிங்டன் உள்ளிட்ட நான்கு பசிபிக் கரை அணிகள் பிக் டென்னிலேயே சேர்ந்தன. 2025-ல் ரோஸ் பவுல் பன்னிரண்டு அணித் தொடரின் காலிறுதி ஆட்டமானது. ஒஹாயோ ஸ்டேட் ஆரிகனை 41-21 என வென்றது. கிழக்கும் மேற்கும் மோதுவதற்கென்றே தொடங்கிய ஆட்டத்தில், அன்று மோதிய இருவரும் ஒரே கூட்டமைப்பினர்.