குபுங் தாவும் பால்மரம், தவளை தாவும் சோலை

ஜாசின், அலோர் காஜா பக்கம் பழைய தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால்மரம் சீவியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு போர்வை மரம்விட்டு மரம் மிதந்து போனதாகச் சொல்பவர் இருக்கக்கூடும். அது பேயல்ல, குபுங்.

வௌவாலும் அல்ல, அணிலும் அல்ல. குரங்கினத்துக்குக் கிட்டிய உறவு. கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனிவரை விரியும் தோலால் 100 மீட்டருக்கும் மேல் மிதக்கும். அப்போதும் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும். தரைக்கு வந்துவிட்டால் நடக்கவே திணறும்.

இதேபோல் மிதக்கும் இன்னொரு உயிரைப் பார்க்க, தமிழ்நாட்டுச் சுற்றுலாவில் வால்பாறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியதும் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. இடையிடையே தீவுகள்போல மழைக்காட்டுத் துண்டுகள். லயத்து வீடுகளைப் பார்த்தால் நம் தோட்டம் நினைவுக்கு வரும்.

இந்த ஆனைமலைச் சோலைகளில் வாழ்கிறது ஒரு பறக்கும் தவளை. கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் தத்தாவும் 2000-இல்தான் அதைப் புதிய இனமென்று விவரித்தார்கள். பச்சை உடல், அதன்மேல் மெல்லிய கருங்கோடுகள். விரல்களுக்கிடையே உள்ள செம்மஞ்சள் சவ்வை விரித்து, கிளையிலிருந்து சரிந்து இறங்கும். 2004-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் 'மிக ஆபத்தான நிலை' என்று இடம்பெற்றது.

இரண்டுக்கும் மரம்தான் வீடு. ஆனால் தவளைக்கு மரம் மட்டும் போதாது. மழைக்காலத்தில் நீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நேரே கீழே உள்ள நீரில் விழ வேண்டும். இலை இருந்து குட்டை வற்றினாலும், குட்டை இருந்து மரம் போனாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள் இல்லை. குபுங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. பால்மரக் காட்டிலும் தென்னந்தோப்பிலும்கூடச் சமாளித்தது.

அதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நம் மாநிலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இளந்தளிரை நம்பி வாழும் குபுங்குக்கு அது நல்ல வீடல்ல.

காட்டை வெட்டித் தேயிலை நட்டதிலும், காட்டை வெட்டிப் பால்மரம் நட்டதிலும் தமிழ்க் கைகளுக்குப் பங்குண்டு. வெட்டச் சொன்னவர்கள் வேறு. இன்று வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் சிதைந்த சோலைகளில் நாட்டு மரக் கன்றுகளை நட்டு மீட்கிறார்கள். நம் கோயில் வளாகத்திலும் பள்ளிக்கூட ஓரத்திலும் நிற்கும் பெருமரங்களை வெட்டாமல் விட்டாலே நாமும் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.